வெறும் வயிறும் கடல் நீரும்

தூத்துக்குடி முத்துச் சலாபத்தைப் பற்றிப் பேசுவோர் இரண்டு ஆபத்துகளைத் தவறாமல் குறிப்பிடுவர். ஒன்று மூச்சு முட்டுதல், மற்றொன்று சுறா. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார். கிடைக்கும் சிப்பியில் அவருக்குப் பங்கும் உண்டு. மூன்றாவது ஆபத்து ஒன்று இருந்தது. அதற்கு மந்திரம் ஓதுவார் எவருமில்லை. உடல் வெப்பம் குறைந்து போவதே அது.

நம் கடலிலும் குளிரா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். சலாபம் நடைபெற்ற மார்ச், ஏப்ரல் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் நீர் ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இதே வெப்பநிலையிலுள்ள காற்று நமக்கு இதமாகவே தோன்றுகிறது. ஆனால் நீரோ காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் பொருள். நீரில் அசையாமல் இருப்பவரின் உடல் குளிராதிருக்க வேண்டுமானால், அந்நீர் 33 டிகிரிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். தோலுக்கடியிலுள்ள கொழுப்பு ஓரளவு போர்வையாக உதவும். மெலிந்த உடலினருக்கு அப்போர்வையும் இல்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ள மனித உடல் ஒரு டிகிரி குளிர வேண்டுமானால் அது சுமார் 50 கிலோ கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். ஓய்விலிருக்கும் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பமோ ஏறத்தாழ 70 கிலோ கலோரிதான். வரவும் செலவும் எவ்வளவு நெருக்கமாக உள்ளன, பாருங்கள்!

இலங்கைக் கரையில் நடந்த சலாபத்தை ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேயர் 1803-இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார். ஒரு தோணியில் பத்துப் பேர் மூழ்குவோர். ஐவர் கடலில் இறங்கினால் மற்ற ஐவர் தோணியில் இளைப்பாறுவர். மூச்சு வாங்குவதற்கான ஓய்வு இது என்றுதான் எவரும் நினைப்பர். இயற்பியல் நோக்கில், இழந்த வெப்பத்தை வெயிலில் மீட்கும் நேரமும் இதுவே.

வெப்பத்தின் வரவு உணவிலிருந்து வருவது. 1905-இல் இலங்கையின் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் தமிழரோடு அரேபியரும் மூழ்கினர். பாரசீக வளைகுடாவில் அந்த அரேபியரின் வழக்கம் என்னவெனில், காலையில் சில பேரீச்சம்பழமும் காப்பியும். வயிறார உண்பது வேலை முடிந்த பிறகே. நிறைந்த வயிறு உதரவிதானத்தை அழுத்தி மூச்சைக் குறைக்கும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. இன்று ‘இடைவிட்ட உண்ணாநோன்பு’ என்று பெயர் சூட்டப்பட்டிருப்பதும் ஏறக்குறைய இதுதான்.

உண்ட உணவைச் செரிக்கும்போதே உடலில் வெப்பம் பிறக்கிறது. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1902-இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். புரத உணவில் இவ்வெப்பம் மிகுதி. கொழுப்பில் மிகக் குறைவு. வெறும் வயிற்றில் மூழ்குபவருக்கு இந்தச் சிறு வரவும் கிட்டாது.

பட்டினி நீண்டால் கல்லீரலில் சேமித்த சர்க்கரை தீர்ந்து, உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கல்லீரல் கீட்டோன்களை உண்டாக்கும். மாவுப்பொருளை அறவே குறைக்கும் ‘கீட்டோ’ உணவு முறையும் உடலை இந்நிலைக்கே கொண்டு செல்கிறது. கொழுப்பை எரிப்பதால் உடல் குளிர்ந்துவிடும் என்று சிலர் கூறுவது சரியன்று. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுப்பொருளை எரித்தால் சுமார் 5 கிலோ கலோரி. கொழுப்பை எரித்தால் 4.7. வேறுபாடு அற்பம்.

குளிர்ச்சிக்குக் காரணம் எரிபொருளின் வகையன்று, உடலின் சிக்கனம். 1912-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெனடிக்ட் என்பவர் லெவன்சின் என்ற ஒருவரை 31 நாட்கள் நீர் மட்டும் அருந்தச் செய்து ஆராய்ந்தார். நாளாக ஆக அவர் உடல் உண்டாக்கும் வெப்பம் குறைந்து வந்தது. 1944-45-இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிறு உணவளித்தபோது, அவர்களின் சராசரி உடல் வெப்பநிலை 35.4 டிகிரிக்கு இறங்கியது. அவர்கள் கோடையிலும் போர்வை கேட்டனர். 1984-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. 48 மணி நேரம் உண்ணாதவரைக் குளிர்வித்தால், தோலின் இரத்தக் குழாய்கள் வழக்கம்போல் சுருங்குவதில்லை. வீட்டில் அடுப்பும் தணிந்து, கதவும் திறந்து கிடப்பது போன்ற நிலை இது! ஓர் இரவுப் பட்டினிக்கு இவ்வளவு தூரம் அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் அரைவயிறு உண்டு கடலில் இறங்குபவரின் நிலை வேறு.

கடலில் மூழ்குவோரின் உடலையே அளந்து பார்த்த ஆய்வு கொரியாவில் நடந்தது. அங்கே சிப்பியும் கடற்பாசியும் எடுக்க மூழ்குவோர் பெண்கள். பருத்தி உடையுடன் 10 டிகிரிக் குளிர்நீரில் இறங்கிய அவர்களை 1960-களில் ஹாங் சுக்-கி குழுவினர் ஆராய்ந்தனர். உள்ளுடல் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரிக்கு இறங்கியதும் அப்பெண்கள் கரையேறித் தீ மூட்டிக் காய்ந்தனர். குளிர்காலத்தில் அவர்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் மற்றப் பெண்களைவிட 30 விழுக்காடு வரை உயர்ந்திருந்தது. 1970-களில் அவர்கள் ரப்பர் உடை அணியத் தொடங்கினர். சில ஆண்டுகளிலேயே அந்த உபரி வெப்பம் அவர்கள் உடலிலிருந்து மறைந்துவிட்டது.