ஆலயத்தைக் கொடுத்த கடற்கரை



2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது, நம் சபைக் குடும்பங்களிலும் பலர் அதைக் கைப்பேசியில் பார்த்து மகிழ்ந்தோம். அந்தப் பயணத்தின் முதல் அடி ஒரு கடலோர ஆலயத்தில் எடுத்து வைக்கப்பட்டது என்பதை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். ஒரு ஆலயம் ராக்கெட் நிலையமானது என்பது அந்தக் கதையின் முதல் பாதி. ஆலயத்தைக் கொடுத்த மக்களுக்கு என்ன திரும்பி வந்தது என்பது மறுபாதி. இந்த இதழில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஏன் தும்பா?

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில், அரபிக் கடலோரத்தில் இருக்கிற சிறிய மீனவ ஊர் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு இதற்கு மிக அருகில் செல்கிறது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கிற கோடு அது. அந்தக் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. பலூன் அந்த உயரத்தை எட்டாது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. சிறிய ராக்கெட் ஒன்றைச் செங்குத்தாக அனுப்பித்தான் அதை ஆராய முடியும்.

1962-ல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டாக்டர் விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவ இடம் தேடியபோது, தும்பாவே எல்லாவற்றிலும் பொருத்தமாக இருந்தது. ஆனால் அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். மீனவக் குடும்பங்களின் வீடுகள் இருந்தன. நடுவில் மகதலேனா மரியாள் பெயரில் ஒரு கத்தோலிக்க ஆலயமும், பக்கத்தில் பிஷப்பின் இல்லமும் இருந்தன.

"ஆமென்" சொன்ன சபை

அடுத்து நடந்ததை டாக்டர் அப்துல் கலாம் தம் வாழ்நாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சாராபாய், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராவைச் சந்தித்து இடத்தைக் கேட்டார். பிஷப் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வரும்படி அழைத்தார். அன்று சபையார் முன்னிலையில் விஷயத்தை விளக்கினார். விஞ்ஞானமும் ஆன்மிகமும் மனிதரின் நன்மைக்காகவே என்று சொல்லி, இந்த ஆலயத்தை அறிவியலுக்குக் கொடுக்கலாமா என்று அவர்களையே கேட்டார். சபையார் "ஆமென்" என்றார்கள்.

இதை வாசிக்கும்போது நாம் சற்று நிற்க வேண்டும். சொந்தக் கட்டடம் இல்லாமல், இன்னொரு சபையின் ஆலயத்தில் ஞாயிறு மதியம் கூடி ஆராதிக்கிறவர்கள் நாம். கட்டட நிதிக்காக எத்தனை வருஷமாகச் சாப்பாட்டு விற்பனையும் பாட்டு நிகழ்ச்சியும் நடத்துகிறோம்! ஒரு ஆலயத்தை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்றது அங்கே, கல்யாணம் நடந்தது அங்கே, தாத்தா பாட்டியை அடக்கம் செய்யப் புறப்பட்டதும் அங்கேதான்.

தும்பா மக்கள் கொடுத்தது ஆலயத்தை மட்டுமல்ல. சுமார் 600 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. வீடுகளும் இடம்பெயர்ந்தன. சம்பளக்காரர் வீடு மாறினால் வேலைக்குப் போகும் வழி மட்டும்தான் மாறும். கடலுக்குப் போகிறவருக்குக் கரையே தொழிலிடம். படகை இழுத்து வைப்பதும், வலை உலர்த்துவதும், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் புறப்படுவதும் அங்கேதான். அதை விட்டுத்தான் அவர்கள் நகர்ந்தார்கள். பள்ளித்துறையில் அவர்களுக்கு அதே பெயரில் புதிய ஆலயம் எழுந்தது. பிஷப்பின் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. ஆமென் சொன்னவர்களின் பெயர்களை நாம் வாசிக்கும் புத்தகங்களில் அரிதாகவே காண்கிறோம்.

மாலை வானில் ஒரு மேகம்

பழைய ஆலயம் இடிக்கப்படவில்லை. அதுவே விஞ்ஞானிகளின் அலுவலகமும் ஆய்வுக்கூடமும் ஆயிற்று. அங்கே வேலை செய்த இளைஞர்களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் ஒருவர். ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோகப்பட்டன. அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

1963 நவம்பர் 21 மாலை முதல் ராக்கெட் புறப்படத் தயாரானது. அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட். அதில் பிரான்ஸ் தந்த சோடியம் ஆவிக் கருவி. ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றும்போது பாரந்தூக்கியில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டது. கூடியிருந்தவர்கள் கைபோட்டுத் தள்ளித்தான் அதை நிலையில் நிறுத்தினார்கள். சூரியன் மறைந்த வேளையில் ராக்கெட் பறந்தது. தரை இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருந்ததால், வெளியான சோடியம் ஆவி ஆரஞ்சு நிற மேகமாக ஒளிர்ந்தது. அது எந்தப் பக்கம் கலைகிறது என்று பார்த்து, மேல்வானக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டார்கள். மறுநாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியில் உலகமே மூழ்கியது.

1967-ல் இந்தியாவிலேயே செய்த ரோகிணி ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்தது. 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ பிறந்தது. அந்தப் பழைய ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று அந்நாளிலேயே பலர் கேட்டார்கள். பணக்கார நாடுகளோடு போட்டி போடுவது நம் நோக்கமல்ல என்பது சாராபாயின் பதில். சாதாரண மனிதரின் பிரச்சினைகளைத் தீர்க்கத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கக் கூடாது என்றார் அவர். தும்பா மக்களின் ஆமெனுக்குப் பின்னால் இருந்த வாக்குறுதி இதுதான்.

வாக்குறுதி கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஒரு வகையில், சேர்ந்தது. 1999 முதல் ஏவப்பட்டுவரும் ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் கடல் நீரின் நிறத்தைப் பார்த்து, மீன்களின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படையான நுண்பாசி எங்கே அதிகம் என்று காட்டுகின்றன. அதோடு நீரின் வெப்பநிலையையும் சேர்த்து, மீன் எங்கே கூடும் என்று ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கணித்துக் கடற்கரைகளுக்கு அறிவிக்கிறது. தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சமாகின்றன.

ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. குமரிக் கடலில் அது மிக வேகமாக வலுப்பெற்றது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற குமரி மாவட்ட ஊர்களிலிருந்தும் திருவனந்தபுரம் கரையிலிருந்தும் மீனவர்கள் ஏற்கெனவே கடலுக்குப் போயிருந்தார்கள். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், அல்லது திரும்பி வரவேயில்லை. தும்பாவும் அதே கடற்கரையில்தான் இருக்கிறது. முதல் ராக்கெட் பறந்து 54 வருஷம் ஆகியிருந்தது. மேகங்களைப் பார்க்கும் கண் வானத்தில் இருந்தது. படகுக்குச் சொல்லும் வாய் இல்லை. அந்த ஆண்டு அட்வென்ட் நாட்களில் அந்தக் கரையின் ஆலயங்கள் பலவற்றில் அழுகுரலே கேட்டது.

அந்தத் துயரத்துக்குப் பிறகு வந்த மாற்றங்களும் விண்வெளி வரலாற்றில் சேர வேண்டியவை. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாகப் புயல் எச்சரிக்கை அந்தச் சிறு பெட்டிக்கு வரும்; அங்கிருந்து மீனவரின் கைப்பேசிக்குப் போகும். ஆனால் படகிலிருந்து பதில் சொல்ல அதில் வழியில்லை.

அதற்கு முன்பே, 2010 முதல், ஆபத்தில் இருக்கும் படகு உதவி கேட்க இஸ்ரோவின் இன்னொரு கருவி பயன்பாட்டில் இருந்தது. அதிலோ, நம் குரல் யாருக்காவது கேட்டதா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024 ஜனவரியில் செயல்பாட்டுக்கு வந்தது. உதவிக் கோரிக்கை கிடைத்துவிட்டது என்ற பதில் இப்போது கடலுக்கே திரும்பி வருகிறது. புயல் கடலில் தத்தளிக்கிறவருக்கு அந்த ஒரு வரிப் பதில் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். அதே 2024 ஆகஸ்டில், 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் மீன்பிடி படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் திட்டம் தொடங்கியது.

நிலவில் இறங்கியதைப் போல இவற்றுக்கு உலகம் கைதட்டவில்லை. ஆனால் சாராபாய் சொன்ன நோக்கத்தை வைத்துப் பார்த்தால், இவையும் அதே அளவு பெரிய சாதனைகள்தான். தாமதமாக வந்தன என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த கடற்கரை

இந்த வரலாறு நமக்கு இன்னும் நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று, தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் சபையில் எத்தனையோ குடும்பங்களுக்கு நாசரேத்தும் மெஞ்ஞானபுரமும் சொந்த ஊர்கள். அங்கிருந்து குலசேகரப்பட்டினம் பக்கம்தான்.

காரணம் இதுதான். துருவப் பாதையில் சுற்ற வேண்டிய செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினால் வழியில், நம்மில் பலரின் தாய்நாடான இலங்கை இருக்கிறது. கழன்று விழும் பாகங்கள் அங்கே விழக் கூடாது. ஆகவே ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு வளைந்து திரும்புகிறது. அதற்கு எரிபொருள் அதிகம் செலவாகும். பெரிய ராக்கெட் தாங்கும். எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ராக்கெட் தூக்கிச் செல்லும் எடையில் பெரும்பகுதியை இழந்துவிடும். குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே நேராகத் திறந்த கடல்.

இதற்கும் 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கப்படுகிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் பக்கத்துக் கடலில் படகுகள் போக முடியாது. இங்கேயும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தும்பாவில் ஒருவர் சபை நடுவில் நின்று மக்களையே கேட்டார். இங்கே யார், யாரைக் கேட்கிறார்கள்? வேலைவாய்ப்பு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகிறதா? கடலுக்குப் போக முடியாத நாளின் கூலிக்கு என்ன ஏற்பாடு? ஊரிலிருக்கும் பெரியப்பா, சித்தி, மாமாவோடு அடுத்த முறை பேசும்போது இதைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். விடுமுறைக்குப் போகும்போது முடிந்தால் தும்பா அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள்.

உங்களில் சிலர் பொறியியல் படிக்கிறீர்கள். சிலர் இங்கே விண்வெளித் துறையிலேயே வேலைக்குப் போவீர்கள். நீங்கள் செய்யப்போகும் கருவியின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். இந்த மாத வாலிபர் ஜெபக்கூட்டத்தில் பள்ளித்துறை, தூத்தூர், குலசேகரப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களின் மக்களையும் பெயர் சொல்லி நினைத்து ஜெபிப்போம்.