கல்லூரிப் பாசமும் ஒரு தபால் உறையும்

நமது பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் போன் செய்தார். "ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதிடட்டுமா?" என்றேன். "அதை ஏற்கெனவே ஏழு பேர் எழுதிட்டாங்க. நீ ஹிஸ்டரி ஆளு, ஏதாவது சரித்திரம் எழுதுப்பா" என்றார். சரி, சரித்திரமே எழுதுகிறேன். ஆனால் இது சோழர் சரித்திரம் அல்ல. ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள், கல்லூரி மேல் வைத்த பாசத்தாலேயே அதன் பெயரைக் கெடுத்த சரித்திரம். நாம் எல்லோரும் ஒரு தடவை படித்து வைப்பது நல்லது.

என் மகள் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் இருக்கிறாள். அங்கே போனால் காலையில் நடப்பதற்கு சதர்ன் மெதடிஸ்ட் யூனிவர்சிட்டி என்ற கல்லூரி வளாகத்துக்குப் போவேன். எஸ்.எம்.யூ. என்றால்தான் அங்கே தெரியும். 1911-ல் மெதடிஸ்ட் சபையினர் தொடங்கியது. செங்கல் கட்டிடங்கள், மரநிழல், நடுவே ஒரு பெரிய விளையாட்டு அரங்கம். அரங்கத்தின் பெயர் ஜெரால்ட் ஃபோர்டு. முன்னாள் ஜனாதிபதி என்றுதான் நானும் நினைத்தேன். விசாரித்தால், அவர் இல்லையாம். அதே பெயருடைய வங்கித் தொழிலதிபர், அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்! அங்கே பழைய மாணவர்களின் கை எவ்வளவு நீளம் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து. காலை விடக் கைக்குத்தான் வேலை அதிகம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள். கல்லூரி ஆட்டத்துக்கே லட்சம் பேர் கூடுவதும் உண்டு. இந்த ஆட்டத்தில் பையன்கள் செத்துப்போகிறார்கள் என்று 1905-ல் கூக்குரல் எழுந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அதன் தொடர்ச்சியாகப் பிறந்த சங்கம்தான் இன்று என்.சி.ஏ.ஏ. எனப்படுகிறது. பின்னாளில் அதுதான் விதிகளைக் காக்கும் போலீஸும் ஆயிற்று.

முக்கியமான விதி ஒன்று. கல்லூரி ஆட்டக்காரன் தொழில்முறை ஆட்டக்காரன் அல்ல. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் இவற்றைக் கல்லூரி கொடுக்கலாம். அதற்கு மேல் கையில் காசு கொடுத்தால் குற்றம். டிக்கெட் விற்ற பணம் கல்லூரிக்கு, புகழ் பயிற்சியாளருக்கு, முட்டி உடைந்தால் அது மட்டும் பையனுக்கு! இந்த விதி நியாயமா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

1980-களின் டல்லாஸ் எண்ணெய்ப் பணமும் ரியல் எஸ்டேட் பணமும் புரண்ட ஊர். டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளில் படித்த ஆட்கள் எல்லாம் அங்கே ஒரே ஆபீஸில் வேலை பார்த்தார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் திங்கட்கிழமை ஆபீஸில் தலைகாட்ட முடியாது. எஸ்.எம்.யூ. சின்னக் கல்லூரி. பெரிய கல்லூரிகளோடு மோதி ஜெயிக்க வேண்டும் என்று பழைய மாணவர்களுக்கு ஒரு வெறி. 1982-ல் அதன் அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பதினொன்றில் வெற்றி, ஒன்று சமன். நாட்டிலேயே இரண்டாம் இடம். எரிக் டிக்கர்சன், கிரேக் ஜேம்ஸ் என்ற இரண்டு ஓட்டக்காரர்களை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது.

ஆனால் அரசல் புரசலாகப் பேச்சும் இருந்தது. விதிமீறலுக்காக அந்தக் கல்லூரி அதற்கு முன்பே பலமுறை மாட்டியிருந்தது. 1985-ல் மறுபடியும் தண்டனை. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, உதவித்தொகை இடங்கள் குறைப்பு. அதே ஆண்டு என்.சி.ஏ.ஏ. புதுச் சட்டம் ஒன்றும் போட்டது. ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் முறை பெரிய குற்றம் செய்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடலாம். பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'மரண தண்டனை' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் நல்லவர்கள் கெட்டுப்போனார்கள். சில பையன்களுக்கு மாதாமாதம் பணம் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நிறுத்தினால் அவர்கள் வாய் திறப்பார்கள். கல்லூரி ஆட்சிக் குழுவில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புதிதாக யாருக்கும் கொடுக்க வேண்டாம். வாக்குக் கொடுத்தவர்களுக்கு மட்டும் அவர்கள் படிப்பு முடியும்வரை கொடுத்துவிடுவோம், பிறகு தானாக நின்றுவிடும். கேட்பதற்கு என்னவோ நியாயம் மாதிரிதான் இருக்கிறது, இல்லையா? தப்பை நிறுத்துவதற்கு பதிலாகத் தப்புக்குத் தவணை போட்டார்கள். அவ்வளவுதான்.

1986 நவம்பர் 12. டல்லாஸின் எட்டாம் சேனல் டெலிவிஷனில் டேல் ஹான்சன் என்ற செய்தியாளர் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். எஸ்.எம்.யூ.வில் சேர 25,000 டாலர் வாங்கினேன், பிறகு மாதச் சம்பளம் மாதிரி பணம் வந்தது என்று டேவிட் ஸ்டான்லி என்ற முன்னாள் ஆட்டக்காரர் அதில் சொன்னார். கல்லூரியிலிருந்து வந்த தபால் உறை ஒன்றையும் ஹான்சன் கல்லூரி அதிகாரிகள் முன்னால் வைத்தார். பெரிய மனிதர்கள் ஒரு தபால் உறையைப் பார்த்துத் தடுமாறியதை ஊரே பார்த்தது. ஆண்டு முடிவதற்குள் கல்லூரித் தலைவர், விளையாட்டு இயக்குநர், பயிற்சியாளர் மூவரும் பதவி விலகினார்கள்.

விசாரணையில் வெளிவந்த கணக்கு இது. 13 ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர். ஆளுக்கு மாதம் 50 முதல் 725 டாலர் வரை. பணம் கொடுத்தவர் ஒரு பழைய மாணவ அபிமானி. 1987 பிப்ரவரி 25-ல் தீர்ப்பு வந்தது. 1987-ல் ஒரு ஆட்டமும் கூடாது. 1988-ல் சொந்த ஊரில் ஆடக்கூடாது. அணியே கலைந்த பிறகு எதை வைத்து ஆடுவது? 1988 ஆட்டங்களைக் கல்லூரியே ரத்து செய்துவிட்டது.

அதோடு முடியவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் டெக்சாஸ் கவர்னர் பில் கிளெமென்ட்ஸ் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். அவர்தான் முன்பு அந்த ஆட்சிக் குழுவின் தலைவர். பணம் தொடர்ந்தது தனக்குத் தெரியும் என்றார். மாநிலத்தையே ஆளுகிற ஆள்! ஆட்சிக் குழு கலைக்கப்பட்டது. மெதடிஸ்ட் பிஷப்புகள் தனியே விசாரித்து ஜூனில் அறிக்கை வெளியிட்டார்கள். சபையின் பெயரைத் தாங்கிய கல்லூரி, ஊர் சிரிக்கும் பெயரானது.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறு விஷயம். ஐந்து காசு வாங்காத பையன்களும் அந்த அணியில் இருந்தார்களே! தீர்ப்பு வந்ததும் மற்றக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வளாகத்துக்கே வந்து, சந்தையில் மாடு பிடிப்பது மாதிரி ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1989-ல் எஸ்.எம்.யூ. மறுபடி ஆட வந்தபோது பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். ஹூஸ்டன் அணியிடம் 95-க்கு 21 என்று தோற்றார்கள். பெரியவர்கள் செய்த குற்றத்துக்கு, அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் அடி வாங்கினார்கள். ஆண்டு இறுதிக் கோப்பை ஆட்டம் ஒன்றில் அந்தக் கல்லூரி மறுபடி கால் வைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நாசத்தைப் பார்த்து என்.சி.ஏ.ஏ.வுக்கே பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு முதல் நிலைக் கல்லூரி ஃபுட்பாலில் அந்தத் தண்டனையை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. 2023-ல் மிச்சிகன் கல்லூரி மேல் ஒரு புகார் வந்தது. எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி, சைகைகளைப் படம்பிடித்துத் திருடினார்கள் என்று. 2025-ல் பெரும் அபராதம் போட்டார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் வென்ற தேசியப் பட்டம் அவர்களிடமேதான் இருக்கிறது. விசாரணை என்றால் ஜனங்கள் இப்போது "எவ்வளவு அபராதம்?" என்றுதான் கேட்கிறார்கள். "அட, நம்ம காலேஜா இப்படி?" என்று கேட்பது குறைந்துவிட்டது. விளையாட்டின் நல்ல பெயருக்கு வந்த பெரிய நஷ்டம் இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தன் பெயரையும் படத்தையும் வைத்து ஆட்டக்காரர் சம்பாதிக்கலாம் என்று 2021-ல் விதி மாறியது. 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை! அந்த 61,000 இன்று யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. எஸ்.எம்.யூ.வும் 2024-ல் பெரிய கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. அதற்காகப் பழைய மாணவர்கள் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டினார்கள். இந்தத் தடவை எல்லார் பார்வையிலும்.

அப்படியானால் அன்று நடந்தது குற்றமே இல்லையா? நானும் யோசித்துப் பார்த்தேன். பையனுக்குக் காசு கொடுத்தது பெரிய பாவமில்லை என்று இன்றைக்குச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் ஒளித்துக் கொடுத்தது, விசாரித்தவர்களிடம் பொய் சொன்னது, "எல்லாம் காலேஜுக்காகத்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டது, இவை இன்றைக்கும் குற்றம்தான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்பீர்கள். 1981 கல்லூரிகளுக்கிடையிலான ஃபுட்பால் ஃபைனல் நினைவிருக்கிறதா? இன்றும் கண்ணாடி அலமாரியில் நிற்கிற அந்தக் கோப்பை! வெற்றி கோல் போட்டவன் நம் மாணவனே இல்லை. வெளியூர் கிளப் ஆட்டக்காரன். ஹாஸ்டலில் தலைக்கு ஐந்து ரூபாய் வசூல் செய்து கூட்டி வந்தோம். சீனியர்களும் கொடுத்தார்கள். வசூல் நோட்டு என் கையில்தான் இருந்தது. நம் வகுப்பு நண்பன் ஒருவன் பெயரில் அவனை இறக்கினோம். நண்பன் அன்று முழுவதும் ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். எதிரணி புகார் செய்தபோது பி.டி. சார் கேட்டார். "எங்க பையன்தான் சார்" என்று சத்தியம் செய்தோம். அவர் நம்பினார்.

அந்த நண்பன் நம் ஒன்றுகூடல் எதற்கும் வந்ததில்லை. கோபமோ என்று நினைத்திருந்தேன். போன மாதம் போன் செய்தேன். "வந்தா எல்லாரும் அந்த கோலைப் பத்திதான்டா கேப்பாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதை நான் போடலைன்னு வீட்லகூட சொன்னதில்லை" என்றான். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எழுதுடா" என்றான்.

இந்த ஆண்டு நம் சங்கம் விளையாட்டு உதவித்தொகை நிதி தொடங்குகிறது. என்னால் முடிந்ததை நானும் கொடுக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். யார் கொடுத்தது, எந்தப் பையனுக்குப் போனது என்று ரசீதோடு ஆண்டுதோறும் அச்சிடுங்கள். அலமாரியில் உள்ள கோப்பையை என்ன செய்வது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

நண்பன் இந்தத் தடவை வருகிறான். கையைப் பிடித்துக் குலுக்குங்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். கோலைப் பற்றி மட்டும் என்னிடம் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

அன்புடன்,
பி.ஏ. வரலாறு, 1979–82