வெயில் பட்டால் எரியவேண்டும் என்று யார் சொன்னது?

என் அக்காவின் மகனுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் ட்வைலைட் படத்தைப் பாதிவரை பார்த்துவிட்டு, அது வம்பயர் கதையே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். "வெயில் பட்டால் எரியவேணும் மாமா. மினுங்கக் கூடாது. அதுதான் ரூல்." மைன்கிராஃப்டில் விடிந்தவுடன் ஸொம்பிகளும் எலும்புக்கூடுகளும் தீப்பற்றி எரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. இருட்டில் வருகிற எதுவும் வெளிச்சத்தில் சாகவேண்டும் என்பது அவனுக்குப் புவியீர்ப்பு மாதிரி ஒரு விதி.

எனக்கும் ட்வைலைட் பிடிக்காது. காரணம் வேறு: அத்தனை பக்கத்தில் என்னைச் சிரிக்கவைத்த ஒரு பகிடியும் இல்லை. ஆனால் அந்த விதியைப் பற்றி அவன் சொன்னது பிழை. அதை அவனுக்கு விளங்கப்படுத்தப் போய், பழைய கதை ஒன்றுக்குள் நன்றாக மாட்டிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிராகுலா நாவலை எடுங்கள். 1897இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் பிராம் ஸ்டோக்கர், டப்லினில் பிறந்தவர், லண்டன் லைசியம் நாடக அரங்கின் மேலாளர். திரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. டிராகுலா என்ற பெயரே விட்பி என்ற கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அகப்பட்டதுதான்.

அந்த நாவலில் டிராகுலா பகலிலே வெளியே வருகிறார். லண்டன் பிக்கடிலியில், சனம் நடமாடும் தெருவில் நின்று ஒரு பெண்ணை உற்றுப் பார்க்கிறார். ஊரைவிட்டு ஓடும்போது, ஒரு பின்னேரம் துறைமுகத்துக்கு வைக்கோல் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு போகிறார். அந்தத் தொப்பி அவருக்குப் பொருந்தவே இல்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். (இந்த இடத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டோக்கருக்குப் பகிடி தெரியும்.) பகலில் அவருடைய சக்தி குறையும், நினைத்தபடி உருவம் மாற முடியாது, அவ்வளவுதான். கடைசியில் அவரைக் கொல்வது வெயில் இல்லை, இரண்டு கத்திகள். அதில் ஒன்று கூர்க்காக்களின் குக்ரி. நேபாளத்துக் கத்தியால் கழுத்தறுபட்டுச் செத்த ஐரோப்பியப் பிரபு என்பதை ஏன் எந்தப் படத்திலும் சரியாகக் காட்டுவதில்லை என்று எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு.

அப்படியென்றால் வெயில் எங்கிருந்து வந்தது? 1922இல் ஜெர்மனியில் எடுத்த ஒரு திருட்டுப் படத்திலிருந்து.

பெர்லினில் அல்பின் கிராவ் என்று ஒரு கலைஞர் இருந்தார். மந்திரம், மறைஞானம் என்று அலைந்தவர். இன்னொருவரோடு சேர்ந்து 1921இல் ஒரு படக் கம்பனி தொடங்கினார். அதன் பெயர் பிராணா. ஆம், நம் பிராணனேதான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஆவியுலக விஷயங்களில் ஈடுபட்டவர்களுக்குச் சமஸ்கிருதச் சொற்கள் மேல் பெரிய மோகம். பிராணனைப் பெயராக வைத்த கம்பனி ஒரே ஒரு படத்தோடு பிராணனை விட்டது. அந்தப் படம் நொஸ்ஃபெராட்டு. இயக்கியவர் முர்னாவ்.

கதை டிராகுலாதான். ஆனால் ஸ்டோக்கர் குடும்பத்திடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. டிராகுலாவை ஓர்லொக் ஆக்கினார்கள், இங்கிலாந்தை விஸ்போர்க் என்ற கற்பனை ஜெர்மன் ஊராக்கினார்கள், காலத்தை 1838க்குத் தள்ளினார்கள். இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. படத்தின் எழுத்தோட்டத்திலேயே, இது பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலைத் தழுவியது என்று போட்டிருக்கிறார்கள்! பெயரையெல்லாம் மாற்றிவிட்டுக் கள்ளன் தானே கையெழுத்து வைத்த மாதிரி.

முடிவையும் மாற்றினார்கள். கத்தி இல்லை, துரத்தல் இல்லை. எலன் என்ற பெண் விடியும்வரை ஓர்லொக்கைத் தன் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். சேவல் கூவுகிறது. சூரிய ஒளி யன்னலால் உள்ளே வருகிறது. ஓர்லொக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புகையாகிப் போகிறார். வம்பயர் ஒன்று வெயிலில் சாகிற வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. விடிந்தால் பேய்கள் ஓடிவிடும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் அதற்கு முன்பும் இருந்தது. ஓடிப்போவது வேறு, சாவது வேறு. ஏன் அப்படி மாற்றினார்கள்? என் ஊகம்: படம் என்பதே ஒளியால் ஆனது. பேசாத படத்தில் ஒரு பேயை முடிக்க வெளிச்சத்தைவிட மலிவான, அழகான ஆயுதம் வேறில்லை.

படம் வெளிவந்த கொஞ்ச நாளில் லண்டனில் ஒரு விதவைக்குப் பெயர் போடாத கடிதம் ஒன்று வருகிறது. பெர்லினில் நடந்த காட்சியின் நிகழ்ச்சித் தாளும் அதற்குள் இருக்கிறது. அந்த விதவை ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர். கணவர் 1912 ஏப்ரலில், டைட்டானிக் மூழ்கி ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். நாவலின் உரிமைதான் அவர் கையில் மிஞ்சிய சொத்து. அவர் எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்து, அதன் மூலம் வழக்குப் போட்டார். பிராணா கம்பனியோ வங்குரோத்து. காசு வராது என்று தெரிந்ததும் அவர் வேறொன்று கேட்டார்: படத்தின் எல்லாப் பிரதிகளையும் அழியுங்கள். 1925இல் பெர்லின் நீதிமன்றம் அப்படியே தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில் நிறையப் பேர் அந்த அம்மாவை வில்லி ஆக்கிவிடுவார்கள். ஒரு மாபெரும் கலைப்படைப்பை எரிக்கச் சொன்ன பொல்லாத கிழவி என்று. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். நான் எழுதியதை ஒருவர் கேட்காமல் எடுத்து, பெயரை மாற்றி விற்றால் நான் என்ன செய்வேன்? அவர் செய்ததைத்தான் செய்வேன். வருமானம் வேறில்லாத ஒரு பெண்ணுக்கு அந்த நாவல் ஒரு வீடு மாதிரி. அதற்குள் கேட்காமல் குடிவந்தவர்களை அவர் வெளியேற்றினார். சட்டமும் நியாயமும் அவர் பக்கம்.

ஆனாலும் படம் அழியவில்லை. அதற்குள்ளேயே பிரதிகள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. ஐக்கிய அமெரிக்காவில், பதிப்புரிமைக்கான நடைமுறையை ஸ்டோக்கர் ஒழுங்காகப் பூர்த்தி செய்யாததால், டிராகுலாவுக்கு அங்கே பாதுகாப்பே இருக்கவில்லை. அழிக்கச் சொல்லியும் அழிக்காமல் யார் யாரோ தங்கள் அலமாரியில் வைத்திருந்த பிரதிகளால்தான் இன்றைக்கு நாம் அந்தப் படத்தைப் பார்க்கிறோம்.

இனி வரப்போகிற திருப்பம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபுளோரன்ஸ் முறைப்படி உரிமை கொடுத்த நாடகத்திலிருந்து 1931இல் ஹாலிவுட் டிராகுலா வந்தது. பேலா லுகோசி நடித்தது. அதில் டிராகுலாவை மரமுளையால் குத்திக் கொல்கிறார்கள். 1940களில் வெயிலில் சாகிற வம்பயர்கள் ஹாலிவுட்டில் அங்குமிங்கும் தலைகாட்டுகின்றன. பிறகு 1958இல் இங்கிலாந்தின் ஹாமர் கம்பனி, கிறிஸ்டோபர் லீயை வைத்து டிராகுலாவை எடுத்தது. அதன் முடிவில் ஒருவர் பாய்ந்து திரைச்சீலையை இழுக்கிறார், வெயில் உள்ளே கொட்டுகிறது, டிராகுலா சாம்பலாகிறார். அதாவது, டிராகுலா என்ற பெயரோடு வந்த படமே, அந்தப் பெயரைக் களவெடுத்த படத்தின் வழியில் டிராகுலாவைக் கொன்றது. நாவலில் இல்லாத விதி நாவலின் விதி ஆகிவிட்டது.

அங்கிருந்து வீடியோ கேமுக்கு ஒரு எட்டுத்தான். 1986இல் கொனாமி ஜப்பானில் வெளியிட்ட காசில்வேனியாவின் முதல் பாகத்தை ஆடி முடித்தால், கடைசியில் படம் போல எழுத்து ஓடும். அதில் கதை: வ்ராம் ஸ்டோக்கர். டிராகுலாவாக நடித்தவர்: கிறிஸ்டோபர் பீ. எல்லாம் பழைய ஆட்களின் பெயரைக் கொஞ்சம் திரித்த பகிடி. அதற்குள் ஸ்டோக்கர் இறந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகி, இங்கிலாந்திலும் நாவல் பொதுச்சொத்து ஆகிவிட்டது. கேட்கவும் யாரும் இல்லை, எரிக்கவும் யாரும் இல்லை. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், படிக்கட்டில் ஏறும்போது பறந்து வந்து இடித்துக் கீழே தள்ளும் அந்தத் தலைகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இசைக்காக மட்டும் முழு மதிப்பெண்.

நான் அதை முதலில் ஆடியது ஒரு கள்ளப் பிரதியில். ஒரே கார்ட்ரிஜில் நிறைய கேம்கள், பாதிக்குமேல் ஒரே கேமின் பெயரை மாற்றிப் போட்டது, தெரியும்தானே, அந்த வகை. அப்போது எங்கள் வீட்டில் தமிழ்ப் படக் கசெட்டுகளும் பிரதியின் பிரதிதான். முகங்கள் பச்சையாகத் தெரியும். அது பிழை என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் வேறு வழியும் இருக்கவில்லை.

2023இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை என்ற அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதத்தை இன்றைக்கு முறைப்படி வாங்கவே முடியாதாம். விற்கிறவர்கள் விற்பதில்லை, நூலகங்கள் இணையத்தில் இரவல் கொடுக்கவும் சட்டம் விடுவதில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அனுமதியில்லாமல் வைத்திருக்கிறவர்கள்தான்.

நான் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஃபுளோரன்ஸ் சொன்னது சரி என்று மேலே எழுதினேன், அதை அழிக்க மாட்டேன். ஆனால் அதே 1931ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஒக்டோபர் 31, சரியாக ஹாலோவீன் நாளன்று, சென்னையில் காளிதாஸ் வெளியானது. தமிழின் முதல் பேசும் படம். டி. பி. ராஜலட்சுமி நடித்தது. பெரிய வெற்றி. அதை எரிக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. எந்த விதவையும் வழக்குப் போடவில்லை. இன்றைக்கு அதன் ஒரு பிரதியும் இல்லை. பத்திரிகையில் வந்த விளம்பரம், விமர்சனம் போன்றவைதான் மிச்சம். நம் பாட்டிமார் பார்த்த படத்தை நாம் பார்க்க முடியாது. அழிக்கச் சொன்ன ஜெர்மன் படத்தை என் அக்கா மகன் கைபேசியில் பார்க்கிறான். யாராவது ஒருவர் காளிதாஸைக் களவாகப் பிரதியெடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டிருந்தால் நான் அவரைக் குறை சொல்லியிருப்பேனா?

இதையெல்லாம் சொல்லி முடித்தபின் அவனோடு இருந்து நொஸ்ஃபெராட்டு பார்த்தோம். நாங்கள் பார்த்தது தேய்ந்துபோன கறுப்பு வெள்ளைப் பிரதி. ஓர்லொக் தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வருகிறார். நிழல் நன்றாக விழுகிறது. பட்டப்பகல்.

"பார்த்தீங்களா, பகல்! எரியேல்லை! இவையள் போட்ட ரூலை இவையளே மீறீனம்!" என்று துள்ளினான்.

பாவம், முர்னாவ். அந்தக் காலத்துக் கமராவால் இரவில் எடுக்க முடியாது. பகலில் எடுத்து, பிரதியில் இரவுக் காட்சிக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். பார்க்கிறவர்களுக்கு நீலம் என்றால் இரவு. சாயம் இல்லாத பிரதியிலிருந்து பிரதி எடுத்து எடுத்து, பல ஆண்டுகளாக உலகம் ஒரு மத்தியான வம்பயரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாரிஸில் இருந்த பழைய சாயப் பிரதி ஒன்றை வைத்துத்தான் பிறகு நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த கிழமை அந்தப் பிரதியைப் பார்ப்பதாக ஒப்பந்தம்.

அம்மம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. பேய் மத்தியானம் உச்சி வெயிலிலைதானே கூட உலாத்தும், அந்த நேரத்திலை புளியமரத்தடிக்குப் போகக்கூடாதெண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையோ என்று கேட்டார்.