எம். ஏ. சிதம்பரம்

எம். ஏ. சிதம்பரம் (1918 அக்டோபர் 12 – 2000 ஜனவரி 19) செட்டிநாட்டுத் தொழிலதிபர். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். சென்னை சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் இளைய மகன். மூத்தவர் முத்தையா செட்டியார் 1933-ல் சென்னையின் மேயரானார். ஒக்கூர், கானாடுகாத்தான், காரைக்குடி என்று விரியும், இக்குடும்பத்தின் நகரத்தார் சமூகத்து ஊர்கள் பர்மா லேவாதேவியால் செழித்தவை. 1942-ல் ஜப்பானியர் படையெடுப்போடு அந்தக் காலம் முடிந்தது. வட்டிக்கடையை விட்டு ஆலைத் தொழிலுக்கு மாறிய தலைமுறையில் சிதம்பரம் முன்வரிசைக்காரர். லாம்பரெட்டா ஸ்கூட்டர் தயாரித்த ஏ.பி.ஐ. நிறுவனம் அவர் கைக்கு வந்தது. 1969-ல் தமிழக அரசின் டிட்கோவுடன் சேர்ந்து ஸ்பிக் நிறுவனத்தைத் தொடங்கினார். தூத்துக்குடியில் அதன் உர ஆலை எழுந்தது.

1960 முதல் 1963 வரை வாரியத் தலைவர். அந்த மூன்றாண்டுகளில் இந்தியக் கிரிக்கெட் பெரிய மகிழ்ச்சியையும் பெரிய அதிர்ச்சியையும் கண்டது. 1962 ஜனவரியில், மெட்ராஸில், இங்கிலாந்தை 128 ரன்னில் வென்று இந்தியா அந்த அணிக்கெதிரான தன் முதல் தொடர் வெற்றியைப் பெற்றது. இரண்டே மாதத்தில் பார்படாஸ் சுற்றுப்பயண ஆட்டத்தில் வேகப்பந்து வீச்சாளர் கிரிஃபித்தின் பந்து கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைத் தாக்கியது. உயிர் பிழைத்தாலும் மீண்டும் டெஸ்ட் ஆட அவரால் முடியவில்லை. 21 வயதுப் பட்டோடி கேப்டனானார்.

மெட்ராஸ் வெற்றி சேப்பாக்கத்தில் கிடைத்ததல்ல. 1956 முதல் 1965 வரை டெஸ்டுகள் நடந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். இன்று சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி ஆடும் நேரு விளையாட்டரங்கம் அதுதான். சேப்பாக்கமோ 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் இடம். 1967 பொங்கலுக்கு, சோபர்ஸின் மேற்கிந்திய அணியோடு, டெஸ்ட் மறுபடி கடற்கரைப் பக்கம் வந்தது. மாநில கிரிக்கெட் சங்கத்தை நீண்ட காலம் தலைமையேற்று நடத்திய சிதம்பரம், அங்கே நிரந்தர கான்கிரீட் அரங்கம் எழுவதற்கு முன்நின்றார். வாரியப் பதவியைவிட இதுவே அவருடைய பெரிய பணி. ஆலைமுதலாளிகள் பலர் விளையாட்டுக்குப் பணம் கொடுத்ததுண்டு; சங்க வேலையையும் இத்தனை காலம் இழுத்துப்போட்டுச் செய்தவர் அரிது. 1986-ல் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் ‘டை’யில் முடிந்தது சேப்பாக்கத்தில்தான்.

சிறந்த இளம் ஆட்டக்காரர்களுக்கு வாரியம் வழங்கும் விருதுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. மகன் ஏ. சி. முத்தையா 1999-ல் வாரியத் தலைவரானார். அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோதே தந்தை காலமானார்.