50 பாகை சாய்வு: ஃபோக்ஸ்வாகன் டி3 வேனும் டர்போ டீசலும்

பழைய வேலை வேன்களில் டர்போ இன்ஜின் மாற்றத்துக்கு மிகுதியாக ஆளானவற்றுள் ஃபோக்ஸ்வாகன் டி3 ஒன்று. 1979 மே மாதம் மேற்கு ஜெர்மனியில் அறிமுகமான இந்த வேனுக்கு இன்ஜின் பின்புறம். ஓட்டுநர் இருக்கை முன்சக்கரங்களின் மேல். இடைப்பட்ட இடமெல்லாம் சரக்குக்கு. இந்த அமைப்பு 1947 ஏப்ரல் 23 அன்று டச்சு இறக்குமதியாளர் பென் பொன் தம் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு படத்திலிருந்து வந்தது. வொல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குள் உதிரிபாகம் சுமக்க பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் செய்திருந்த தட்டுவண்டியைப் பார்த்தபோது அவருக்கு அந்த யோசனை பிறந்தது. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியபோது வண்டியில் இருந்தது 1,131 சிசி, 25 குதிரைத்திறன் கொண்ட, காற்றால் குளிரும் இன்ஜின். அதன் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருந்ததால் உயரம் குறைவு. அதற்கு மேலேயே சரக்குத் தளத்தை விரிக்க முடிந்தது.

1967இல் வந்த இரண்டாம் தலைமுறையும் 1979இல் வந்த மூன்றாவதும் அந்தக் கணக்கை மாற்றவில்லை. டி3யில் உடல் அகன்றது, தளம் தாழ்ந்தது, எடை கூடியது. இன்ஜின் மட்டும் அதே காற்றுக்குளிர்ச்சி வகையில் 50 அல்லது 70 குதிரைத்திறனோடு நின்றது. இரண்டு எண்ணெய் நெருக்கடிகளைக் கண்ட காலத்தில் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் வேனை வாங்க வியாபாரிகள் தயங்கியதில் வியப்பில்லை. நிறுவனத்திடம் டீசல் இன்ஜின் இல்லாமலும் இல்லை. 1976 முதல் கோல்ஃப் காரில் ஓடிக்கொண்டிருந்த நான்கு சிலிண்டர் டீசல் கையில் இருந்தது. ஆனால் அது நிமிர்ந்து நிற்கும் இன்ஜின். வேனின் பின்புறக் குழியோ தட்டை இன்ஜினுக்கென்று அளந்து வைத்தது.

1981இல் தொழிற்சாலை கண்ட தீர்வு எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட: இன்ஜினை 50 பாகை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். சாய்ந்த இன்ஜினில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பதால் அதற்கென்று தனி ஆயில் சம்ப், எண்ணெய் உறிஞ்சும் குழாய், அளவுகோல், மவுண்டிங் எல்லாம் வார்க்கப்பட்டன. வேனுக்கு முதல்முறையாக ரேடியேட்டரும் வந்தது. அது முகப்பில், இன்ஜின் வாலில். இரண்டையும் இணைக்க வண்டியின் அடியில் நீளவாக்கில் குழாய்கள். இந்த வண்டியில் தண்ணீர் மாற்றினால் ஏர் லாக் எடுக்காமல் வேலை முடியாது என்பதற்கு இந்த நீளமே காரணம்.

இடத்தில் பொருந்திய அந்த டீசலுக்குச் சுமை இழுக்கும் வலு போதவில்லை. 1,588 சிசி, 50 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வெறும் வண்டியே ஏறக்குறைய ஒன்றரை டன். அதிகபட்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர் என்று கையேடு சொன்னது. மேடு வந்தால் லாரிகளுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியதுதான். சிக்கனத்தில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

வலுவைக் கூட்டும் டர்போ என்ற கருத்து அப்போதே பழையது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இலேயே அதற்குக் காப்புரிமை பதிந்திருந்தார். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். இன்ஜினின் அளவு கூடாமலே வலு கூடும். கப்பலிலும் ரயிலிலும் லாரியிலும் பழகிய இந்த ஏற்பாட்டை டீசல் காருக்குக் கொண்டுவந்தது மெர்சிடிஸ் பென்ஸின் 300 எஸ்டி. 1978இல் அமெரிக்கச் சந்தையில் அது இறங்கியது. 1982இல் கோல்ஃபின் 1.6 லிட்டர் டீசலுக்கும் டர்போ பூட்டப்பட்டது. 1985இல் அது ஜேஎக்ஸ் என்ற குறியீட்டோடு டி3க்குள் வந்தது: 70 குதிரைத்திறன், 138 நியூட்டன் மீட்டர். முன்பே 50 குதிரைத்திறன் டீசல் வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ள முடிந்தது. சாய்வும் மவுண்டிங்கும் ஒன்றே. அந்த வகையில் வேனின் முதல் டர்போ மாற்றத்துக்கு வேண்டிய பொருள்களைத் தொழிற்சாலையே வார்த்துக் கொடுத்துவிட்டது எனலாம்.

ஜேஎக்ஸுக்கும் குறை உண்டு. சிலிண்டர் ஹெட்டில் தனியே ஒரு சிற்றறை வைத்து டீசலை எரிக்கும் பழைய முறையில் வெப்பம் கூடுதலாக ஹெட்டுக்குள் இறங்கும். நெடுஞ்சாலையில் முழு மிதியில் மணிக்கணக்காக ஓட்டினால் காற்றோட்டம் குறைந்த பின்புறக் குழியில் இன்ஜின் வெந்தது. வால்வுகளுக்கு நடுவே ஹெட் விரிசல் விட்டது. பழுதான இன்ஜினைப் புதுப்பிப்பதா, வேறொன்றை மாட்டுவதா என்ற கேள்வி பட்டறைகளில் எழுந்தது இங்கேதான்.

விடை 1990களில் பழைய கார்களின் வடிவில் வந்தது. 1989இல் ஆடி 100 காரில் அறிமுகமான டிடிஐ இன்ஜின், டீசலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியது. எரிபொருள் சுமார் 15% மிச்சம். தண்ணீருக்குள் இறங்கும் வெப்பமும் குறைவு. 1991இல் வந்த 1.9 லிட்டர் வகை 90 குதிரைத்திறனையும் 202 நியூட்டன் மீட்டரையும் கொடுத்தது, அதுவும் நிமிடத்துக்கு 1,900 சுற்றிலேயே. 50 குதிரைத்திறன் டீசலோடு ஒப்பிட்டால் முறுக்குவிசை ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த 1.9, பழைய 1.6இன் அதே வம்சம். சிலிண்டர்களுக்கு இடையிலான 88 மில்லிமீட்டர் தூரம் இரண்டுக்கும் ஒன்று, பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகளும் ஒன்று. ஆகவே டி3 டீசலின் சம்ப், உறிஞ்சுகுழாய், மவுண்டிங், ஃப்ளைவீல் ஆகியவற்றை 1.9 பிளாக்கில் ஏற்றினால் அதுவும் 50 பாகை சாய்ந்து உட்கார்ந்தது.

சிக்கல்கள் அதன் பிறகுதான் தொடங்கும். டர்போவின் எண்ணெய் தன் எடையாலேயே சம்புக்கு வடிய வேண்டும். காரில் நிமிர்ந்திருந்த இன்ஜினைச் சாய்க்கும்போது அந்தக் குழாயின் போக்கை மாற்றியாக வேண்டும். இன்டர்கூலருக்குக் காற்று எங்கிருந்து வரும்? காரில் அது முகப்புக் காற்றில் நிற்கும். வேனில் பின் ஜன்னலை ஒட்டிய பக்கத் துளைகளின் உள்ளே அதை நிறுத்தினார்கள். சிலர் மின்விசிறியும் வைத்தார்கள். டீசலைப் பீய்ச்சும் பம்ப் மின்னணு வகை என்பதால் காரின் ஒயரிங்கையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பிடுங்கி வந்து பொருத்த வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று முழுவதும் இயந்திர வகையான பம்பை டிடிஐ பிளாக்கில் மாட்டியவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய செலவு கியர்பெட்டி. 50 குதிரைத்திறனுக்கென்று குறுகிய விகிதத்தில் அமைத்த பெட்டியோடு டிடிஐ சேர்ந்தால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் வீணாகக் கத்தும். மேல் கியர்களை நீட்டாவிட்டால் மாற்றத்தின் பாதிப் பயன் போய்விடும். இரட்டிப்பான முறுக்குவிசையைப் பழைய பல்சக்கரங்கள் எத்தனை நாள் தாங்கும் என்பது ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது.

இதே குழிக்கு வேறு விடைகளும் இருந்தன. அமெரிக்காவில் சுபாருவின் தட்டை நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் விருப்பமானது. சாய்க்க வேண்டிய வேலையே இல்லை. தென்னாப்பிரிக்காவில் நிறுவனமே 1991 முதல் ஆடியின் ஐந்து சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைப் பூட்டி 2002 வரை டி3யைத் தயாரித்தது. ஜெர்மனியில் ஹனோவர் ஆலையோ 1990இல் இன்ஜினை முன்புறம் கொண்டுபோன டி4க்கு மாறிவிட்டது. நான்கு சக்கர இயக்க டி3 மட்டும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1992 வரை நீடித்தது.

ஜெர்மனியில் இன்ஜினை மாற்றிவிட்டு அப்படியே சாலையில் இறங்க முடியாது. ஆய்வாளர் பிரேக், புகை, ஓசை எல்லாம் பார்த்து வண்டியின் பதிவுத்தாளில் புதிய இன்ஜினை ஏற்றினால்தான் அது சட்டப்படி செல்லும். 2008 ஜனவரி 1 அன்று பெர்லின், கொலோன், ஹனோவர் நகரங்களில் புகைக் கட்டுப்பாட்டு வலயங்கள் தொடங்கின. அவற்றுக்குள் நுழைய வேண்டிய ஒட்டுவில்லை பழைய டீசல் டி3க்குக் கிடைக்கவில்லை. தான் பிறந்த ஊரான ஹனோவரின் நடுவிலேயே அதற்கு நுழைவு மறுக்கப்பட்டது. வடிகட்டியோடு கூடிய புதிய டிடிஐக்கு மாற இது ஒரு தூண்டுதலாக இருந்தது.

மறுபக்கம், 30 வயது கடந்த வண்டிகளுக்கு 1997 முதல் 'எச்' எழுத்துப் பதிவெண் உண்டு. அது கிடைத்தால் வலயத் தடை இல்லை. வரி ஆண்டுக்கு 191.73 யூரோ என்று ஒரே தொகை. ஆனால் செய்த மாற்றம் அந்தக் காலத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும். வண்டி முதலில் பதிவான பத்து ஆண்டுக்குள் நடந்ததாகவோ நடந்திருக்கக்கூடியதாகவோ ஆய்வாளர் ஏற்க வேண்டும். 1981 வேனில் 1985இன் ஜேஎக்ஸ் இந்தக் கணக்கில் எளிதாகத் தேறும். 1991இன் 90 குதிரைத்திறன் டிடிஐ எல்லைக்கோட்டில் நிற்கும். அதே வேனில் 1990களின் பின்பாதியில் வந்த 110 குதிரைத்திறன் வகையை மாட்டியவர் 'எச்' எழுத்தை மறந்துவிட வேண்டியதுதான்.