நெஞ்சும் நாவும்

பண்டை எகிப்தியர் உலகத் தோற்றத்தைப் பலவாறு கூறினர். நூன் என்னும் ஆதி வெள்ளத்தினின்று ஆத்தூம் தானே தோன்றினான் என்றனர் ஹீலியோபோலிஸ் நகரத்தார். மெம்பிஸ் நகரத்தாரோ, ப்தா என்னும் தெய்வம் நெஞ்சால் நினைந்து, நாவால் மொழிந்தே யாவற்றையும் படைத்தது என்றனர்.

இக்கொள்கையைக் கி.மு. 700ஐ ஒட்டி ஆண்ட மன்னன் ஷபாகா கருங்கல்லிற் பொறிப்பித்தான். பூச்சியரித்த பழஞ்சுவடியினின்று பெயர்த்ததாக அக்கல்லே கூறுகின்றது. பின்வந்தோர் அதன் நடுவே துளையிட்டு வேறு பணிக்குப் பயன்படுத்தினர். எழுத்துக்கள் பல அழிந்தன. எஞ்சிய கல் 1805இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தது. 1901இல் பிரெஸ்டெட் என்னும் அறிஞர் அதன் பொருளை உலகறியச் செய்தார்.

எண்ணமும் சொல்லும் இசைந்தவிடத்தே ஆக்கம் பிறக்கும் என்பதே இதன் உட்பொருளென நாம் கொள்கின்றோம். சொல்லைப் பேணுவார் இன்றேல் கல்லும் காவாது என்பதனையும் உடன் கற்கின்றோம்.