ஐந்தெழுத்துக்குள் அடங்காதவர்கள்: சயாம்–பர்மா ரயில்பாதை நினைவிடங்களின் வரலாறு

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், மே குளோங் ஆற்றங்கரையோரம் வாட் சாய்ச்சும்போன் என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. 1977இல் அதன் தலைமைத் துறவி கோயில் வளாகத்துக்குள்ளேயே மூங்கிலும் அத்தாப்புக் கீற்றும் கொண்டு நீளமான கொட்டகை ஒன்றை எழுப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில்பாதை போட்ட போர்க்கைதிகள் அடைந்து கிடந்த கொட்டகையின் சாயலில் அமைந்தது அது. உள்ளே புகைப்படங்கள், முன்னாள் கைதிகள் வரைந்த ஓவியங்கள், துருவேறிய கருவிகள். அந்தப் பாதையின் கதையைப் பொதுமக்களுக்குச் சொல்ல எழுந்த முன்னோடி அருங்காட்சியகம் இது. பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஓரெழுத்தைப் பகிர்ந்துகொண்டதால் ஆறு நாடுகளுக்கு ஐந்தெழுத்தே போதுமானதாயிற்று. மரணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் முதலெழுத்தை மட்டும் மாற்றினாலும் இதே பெயர்தான் வரும்.

அந்த ஐந்தெழுத்துக்குள் மலாயா இல்லை. பர்மா இல்லை, ஜாவா இல்லை, இந்தியாவும் இல்லை. பாதையில் மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்த நாடுகளுக்கு உரியவர்கள். துறவியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கைக்கு வந்து சேர்ந்த படங்களும் எழுத்துகளும் அந்த ஆறு நாட்டாரைப் பற்றியவையாகவே இருந்தன. ஏன் அப்படி இருந்தன என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. காஞ்சனபுரியின் நினைவிடங்கள் எப்படி உருவாயின, எப்படி இயங்குகின்றன என்று தேடிப் போனால், எல்லா வழிகளும் ஒரே பொருளில் வந்து முடிகின்றன: பெயர்ப் பட்டியல்.

பாதையும் கணக்கும்

1942இன் நடுப்பகுதியில் பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில்பாதை போட முடிவாயிற்று. இரு முனைகளிலிருந்தும் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொட்டன. பதினாறு மாதங்கள்கூட முழுதாக ஆகவில்லை.

60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இதில் உழைத்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த எண்ணில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ஆசியத் தொழிலாளர்களிடம் வந்தால் நிலைமை வேறு. கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ இரண்டு லட்சம் என்பதும், இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பதும் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடுகள். எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 78,000 என்றும், அவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 30,000 என்றும் போருக்குப் பிந்தைய கணக்கு ஒன்று சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பகுதியினர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். அதே கணக்கில் 'ஓடிப்போனவர்கள்' என்றொரு தலைப்பும் உண்டு. அதன்கீழ் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். பசியும் மலேரியாவும் பிடித்த உடம்போடு, பாஷை தெரியாத மலைக்காட்டில் ஓடியவர் எங்கே போய்ச் சேர்ந்திருப்பார்? அந்தத் தலைப்பைச் சாவுக் கணக்கிலிருந்து பிரித்துவைத்தவர் காட்டை அறியாதவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆள்சேர்ப்பு முதலில் ஆசை வார்த்தையில் தொடங்கியது: மூன்று மாத வேலை, நல்ல கூலி, குடும்பத்தையும் கூட்டிவரலாம். போனவர்கள் திரும்பாததைப் பார்த்துத் தோட்டங்கள் பின்வாங்கியதும் ஆள்பிடிப்பு ஆயிற்று. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அழைத்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலேற்றிய கதை மலேசியத் தமிழரிடையே இன்றும் சொல்லப்படுகிறது. 'சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்' என்ற ஒரே வாக்கியத்தில் பல குடும்பங்களின் வரலாறு நின்றுபோனது.

எழுதிவைத்த சாவும் எழுதாத சாவும்

போர்க்கைதிகள் சிறைப்பட்ட பின்னும் படையாகவே இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் பெயரும் பதவியும் படையெண்ணும் இருந்தன. ஒருவர் இறந்தால் தேதி, காரணம், புதைத்த இடம் மூன்றும் குறிக்கப்பட்டன. ஜப்பானியர் கண்ணில் படாமல் இந்தக் குறிப்புகளை மூங்கிலுக்குள் செருகியும் மண்ணில் புதைத்தும் காத்தார்கள். ஜாக் சாக்கர் போன்ற ஓவியர்கள் திருட்டுத்தனமாக வரைந்த படங்களும் இப்படித்தான் பிழைத்தன. சாவின் விளிம்பில் நின்றவர்கள் இவ்வளவு பிடிவாதமாகக் கணக்கெழுதியதைப் பார்த்தால், மருந்துக்கு அடுத்தபடி அவர்கள் மதித்தது காகிதத்தைத்தான் என்று தோன்றுகிறது.

தொழிலாளர் முகாம்களில் இந்த அமைப்பு எதுவும் இல்லை. தோட்டத்தில் கங்காணி இருந்தார், கிராணி இருந்தார், பேர்ப் புத்தகம் இருந்தது. சயாமில் அவை ஏதும் இல்லை. வெவ்வேறு தோட்டத்து ஆட்களைக் கலந்து கொட்டகையில் அடைத்தார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது வைத்தியம் பார்க்க ஆளில்லை. சில முகாம்களில் பிணம் தூக்கவும் ஆளில்லை. கொட்டகைகளை உள்ளிருந்தவர்களோடு சேர்த்தே கொளுத்தியதாக வாய்மொழிச் சாட்சியங்கள் சொல்கின்றன. பின்னாளில் போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கே படை, எல் படை என்ற பெயர்களில் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த முகாம்களின் நிலையைப் பற்றி இன்று கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் கணிசமானவை அவர்கள் வழியாக வந்தவை. தமிழர் சாவைப் பற்றிய எழுத்துக்கும் வெள்ளைக் கைதியின் பேனாவே தேவைப்பட்டது.

இந்த வேறுபாட்டின் விளைவு போர் முடிந்த மறுமாதமே வெளிப்பட்டது. 1945 செப்டம்பரில் நேசநாட்டுக் குழு ஒன்று, கைதிகள் காத்த குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பாதை நெடுகத் தேடியது. 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அடையாளம் கண்டது. அந்த எச்சங்களைத் திரட்டித்தான் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய மூன்று போர்க் கல்லறைத் தோட்டங்கள் அமைந்தன. காஞ்சனபுரியில் மட்டும் காமன்வெல்த் நாட்டவர் 5,084 பேர், டச்சுக்காரர் 1,896 பேர்.

இவற்றைப் பராமரிக்கும் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப் போரின் நடுவே, 1917இல் தோன்றியது. அதிகாரி, சிப்பாய் என்ற பேதமின்றி ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரிக் கல், ஒவ்வொருவருக்கும் பெயர் என்பது அதன் கொள்கை. அந்தக் காலத்துக்கு அது புரட்சிதான். அந்தச் சமத்துவம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் காஞ்சனபுரித் தோட்டம் காட்டுகிறது. நீக்கே முகாமில் 1943 மே, ஜூன் மாதங்களில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் அங்கே இரண்டு குழிகளில் கிடக்கிறது. சாம்பலைப் பிரிக்க வழியில்லை; ஆனால் 300 பெயர்களும் தனித்தனியே பலகையில் உள்ளன. நுழைவாயில் கட்டடத்தில் இன்னொரு பலகை: தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கமான, பிரிவினைக்கு முந்தைய இந்தியப் படைவீரர்கள் 11 பேரின் பெயர்கள். கல்லறையே அங்கு இல்லாவிட்டாலும் பெயர் இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் சீருடை அணிந்தவர்கள். அதே பாதையில் மண் சுமந்து செத்த தோட்டத் தொழிலாளி சீருடை அணியவில்லை. ஆணையத்தின் கல்லறைப் பொறுப்பு படையினரோடு நின்றுவிட்டது. வேறெந்த அரசும் அவரைத் தன் பொறுப்பாக ஏற்கவில்லை.

சினிமா, யாத்திரை, ஆவணம்

கல்லறைத் தோட்டங்கள் அமைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் காஞ்சனபுரி அமைதியான ஊராகவே இருந்தது. அதை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது குவாய் நதியின் ரயில் பாலத்தைக் கதையாக்கி 1957இல் வந்த டேவிட் லீனின் திரைப்படம். படத்தின் பாலம் எழுந்தது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் குறுக்கே. படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் நதியைத் தேடி வந்தவர்களுக்கு ஒரு சிக்கல்: காஞ்சனபுரியின் பாலம் நிற்பது மே குளோங் ஆற்றில். தாய்லாந்து 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கு குவாய் யாய் என்று பெயர் மாற்றிச் சிக்கலைத் தீர்த்தது. கதைக்காக ஓர் ஆறே பெயரை மாற்றிக்கொண்டது.

சுற்றுலாப் பயணிகளுக்குப் பின்னால் வயதான முன்னாள் கைதிகளும் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியர் டாம் மோரிஸ், 1980களில் புதர் மண்டிக் கிடந்த கொன்யூ மலைவெட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். சுத்தியலும் உளியும் கொண்டு கைதிகள் பாறையைப் பிளந்த இடம் அது. இரவு வேலையின்போது தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆடிய உருவங்களைப் பார்த்து அதற்கு நரகத்தீக் கணவாய் என்று பேரிட்டிருந்தார்கள். மோரிஸின் விடாமுயற்சியால் ஆஸ்திரேலிய அரசு அதை ஏற்று, 1998 ஏப்ரல் 24 அன்று அருங்காட்சியகத்தைத் திறந்தது. இங்கே காட்சிப் பேழையைவிட நடைதான் முக்கியம். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, பிழைத்தவர்களின் குரலைக் கேட்டபடி வெட்டுக்குள் இறங்கி நடக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியலில் நினைவு வழிபாடு நடக்கிறது. கைதிகளோடு இருந்த போர்க்கைதி மருத்துவர் வியரி டன்லப்பின் அஸ்தியில் ஒரு பகுதி இங்கேதான் தூவப்பட்டது.

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே 2003இல் திறக்கப்பட்ட தாய்லாந்து–பர்மா ரயில்பாதை மையம் வேறு வகை. ஆஸ்திரேலியப் பொறியாளர் ராட் பீட்டி, கல்லறைத் தோட்டங்களைக் கவனித்துக்கொண்டே, பாதையின் தடத்தைக் காட்டில் கத்தி கொண்டு வெட்டி வெட்டித் தேடியவர். அந்தத் தேடலின் விளைச்சல்தான் மையம். அதன் உயிர்நாடி காட்சிக்கூடத்தில் இல்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் விவரங்களைத் தொகுத்த ஆவணத்தில் இருக்கிறது. மகளோ பேரனோ ஒரு பெயரோடு வந்தால், அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த முகாமிலிருந்து எந்த முகாமுக்கு நகர்ந்தார், எங்கே இறந்தார், இன்று எந்த வரிசையில் கிடக்கிறார் என்று தேடிச் சொல்கிறார்கள். விரும்பினால் அந்த இடத்துக்கே அழைத்துச் செல்கிறார்கள். போர் அருங்காட்சியகம் ஒரு சமூகத்துக்குச் செய்யக்கூடிய பணிகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன். இந்தப் பணி முழுவதும் நிற்பது 1943இல் மூங்கிலுக்குள் செருகிய காகிதத்தின்மேல்.

தோட்டக் குடும்பம் ஒன்று அதே மேசைக்கு வந்தால் என்ன ஆகும்? படையெண் இல்லை, முகாமின் பெயர் இல்லை, இறந்த தேதி இல்லை. இரண்டு அருங்காட்சியகங்களும் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசத்தான் செய்கின்றன. ஆனால் போர்க்கைதிக்கு முகமும் பெயரும் கிடைக்கும் இடத்தில் தொழிலாளிக்குக் கிடைப்பது மொத்த எண்தான்.

கல்லில் இருந்த தமிழ்

1944இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜப்பானிய ரயில்வே படை பாலத்தருகே நினைவுத்தூண் ஒன்றை எழுப்பியது. இறந்தவர்களுக்கான அஞ்சலி அதன் கற்பலகைகளில் பல மொழிகளில் இருக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. செத்தவர்களின் மொழி எது என்று அவர்களைச் சாகவிட்டவர்களுக்கே தெரிந்திருந்தது. போருக்குப் பின் வெற்றி பெற்றவர்கள் எழுப்பிய நினைவிடங்களில் அந்த மொழிக்கு இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

1990 நவம்பரில் காஞ்சனபுரியின் கரும்புக் காடு ஒன்றைத் தோண்டியபோது மொத்தப் புதைகுழி வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள்; ஆசியத் தொழிலாளர்களுடையவை. பாலத்தருகே உள்ள தனியார் காட்சியகம் ஒன்றில் தொழிலாளர் எலும்புகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு இருந்தன. நடந்து போகும் தூரத்தில் ஒருவருக்குப் புல்வெளியும் வெண்கலப் பெயர்ப்பலகையும், மற்றவருக்குக் கண்ணாடிப் பெட்டி.

மலேசியத் தமிழர் தங்கள் நினைவுக்கு வேறு இடம் தேடிக்கொண்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் நாவலுக்கு 'நினைவுச்சின்னம்' என்பதே பெயர். கட்டடம் இல்லாத குறையைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. சீ. அருண் போன்றோர் பிழைத்து வந்தவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்தார்கள். அருங்காட்சியகம் செய்யத் தவறிய வேலையை நாவலும் நேர்காணலும் செய்தன.

2023 மே மாதம், போர்க் கல்லறைத் தோட்டத்தை அடுத்துள்ள வாட் தாவோர்ன் வராராம் கோயிலில், தாய்லாந்து, மலேசியத் தமிழர்களின் முயற்சியால் ஒரு கல் நடப்பட்டது. அதை அவர்கள் நினைவுத்தூண் என்று சொல்லவில்லை, நடுகல் என்றார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல், தமிழ்ப் பிராமியில், கூடலூர் ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடையது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. மாடு கவரும் சண்டையில் மாண்ட அவன் ஊரும் பேரும் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. சயாமுக்குப் போனவர்களைப் பற்றிப் பல வீடுகளில் எஞ்சியிருப்பது தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பி வரவில்லை என்ற ஒரு சொல்.